அரளியும் ஒரு மரக்காணத்து நாயும்

இந்த எபிசோடு உப்பைப் பற்றித்தான் இருந்திருக்க வேண்டும். அதைப் பதிவு பண்ணத்தான் போன மார்ச் மாதம் மரக்காணம் போனேன். கூடவே மிளகும் வந்தான். மிளகு என் நாய், ஏழு மாசக் குட்டி. உப்பளத்தை ஒட்டின ஒரு வீட்டில் தங்கினோம். வேலி முழுக்க மஞ்சள் அரளி, பூத்துக் குலுங்கியது. நான் மைக்கைச் சரிபண்ணிக்கொண்டிருந்தபோது, மிளகு வேலியடியில் எதையோ கடித்துக்கொண்டிருந்தான். பந்து என்று நினைத்தேன். பந்து இல்லை, அரளிக்காய்.

கொஞ்ச நேரத்தில் எச்சில் ஒழுக ஆரம்பித்தது. வாந்தி எடுத்தான். பிறகு கால் தள்ளாடிப் படுத்துவிட்டான். பக்கத்து வீட்டு அக்கா கை நிறையக் கல்லுப்போடு ஓடிவந்தார். "தம்பி, உப்புத்தண்ணி கரைச்சு ஊத்து, மிச்சமும் வெளிய வந்துரும்." உப்புக்கா அந்த ஊரில் பஞ்சம்? சொம்பில் கரைத்தும் விட்டேன். அதற்குள் கால்நடை மருத்துவர் போனை எடுத்தார். "உப்புத்தண்ணி ஊத்தாதீங்க. வாயில எதையுமே ஊத்தாதீங்க. செடியில ஒரு கொப்பை ஒடிச்சு எடுத்துக்கிட்டு உடனே கிளம்பி வாங்க."

புதுச்சேரி வரைக்கும் அவன் மார்பில் கை வைத்தபடியே போனேன். துடிப்பு ரொம்ப மெதுவாக இருந்தது. நடுநடுவே விட்டுவிட்டு அடித்தது. கரித்தூள் மருந்து, அட்ரோபின் ஊசி, ராத்திரி முழுக்க ஈசிஜி. விடியற்காலையில் வாலை ஆட்டினான்.

திரும்பி வந்த பிறகு எனக்கு ஒரே கேள்விதான். இவ்வளவு விஷமுள்ள செடியை ஏன் வேலியில் வைக்கிறோம்? இது விஷம் என்று மனுஷங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும்? தேடினால், வழி முழுக்க நாய்கள்.

முதல் நாய் மரக்காணத்தோடு சம்பந்தப்பட்டது. சங்க இலக்கியத்தில் சிறுபாணாற்றுப்படை இருக்கிறது இல்லையா, ஒரு பாணனை நல்லியக்கோடன் என்ற தலைவனிடம் வழிகாட்டி அனுப்புகிற பாட்டு. அவன் ஆண்ட ஓய்மாநாட்டில் எயிற்பட்டினம் என்று ஒரு கடற்கரை ஊர் வருகிறது. அதுதான் இன்றைய மரக்காணம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. பாணனின் வறுமையைச் சொல்ல அந்தப் புலவர் காட்டுவது ஒரு நாயை. இப்போதுதான் குட்டி போட்டிருக்கிறது, பால் இல்லை. கண் திறக்காத குட்டிகள் முட்டுவதைத் தாங்க முடியாமல் அடுப்படியில் கிடந்து குரைக்கிறது. அந்த வீட்டில் வேளைக்கீரை வேகிறது, உப்பே இல்லாமல். இன்றைக்கு உப்பு விளைகிற ஊரைப் பற்றிய பாட்டு இது!

இரண்டாவது நாய் கிரேக்கத்தில். கி.பி. முதல் நூற்றாண்டில் டயோஸ்கோரிடஸ் என்ற கிரேக்க மருத்துவர் ஒரு மூலிகை நூல் எழுதினார். அரளியின் பூவும் இலையும் நாய், கழுதை, கோவேறு கழுதையைக் கொல்லும் என்று அதில் நேரடியாகவே இருக்கிறது. சமஸ்கிருதத்தில் அரளிக்கு அச்வமாரகம் என்று ஒரு பெயர் உண்டு. குதிரையைக் கொல்வது என்று அர்த்தம். அரளி சேர்ந்த தாவரக் குடும்பத்தின் பெயர் அப்போசைனேசி. அதற்குள் இருக்கிற கிரேக்கச் சொல்லுக்கு "நாயே, தள்ளிப் போ" என்கிற மாதிரி அர்த்தம். பெயரிலேயே எச்சரிக்கைப் பலகை மாட்டியிருக்கிறார்கள். நாமதான் படிக்கலை.

மிளகு கடித்த மஞ்சள் அரளி நம்ம ஊர்ச் செடியே இல்லை. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. சிவனுக்குச் சாத்துகிற பொன்னரளி, சங்கப் புலவர்கள் யாரும் பார்த்திருக்க முடியாத பூ. 1753-இல் லின்னேயஸ் அதற்கு வைத்த பெயர் செர்பெரா தெவெட்டியா. தெவெட்டியா என்பது 1555-இல் பிரேசில் போன ஆந்த்ரே தெவே என்ற பிரெஞ்சுத் துறவியின் நினைவாக வந்தது. செர்பெரா யார் தெரியுமா? கிரேக்கப் புராணத்தில் பாதாள வாசலைக் காக்கிற மூன்று தலை நாய், செர்பெரஸ். மூன்றாவது நாய்!

சரி, வேலியில் ஏன்? உப்புக்காத்து, மணல், வெயில் எதற்கும் அரளி அசையாது. முக்கியமாக, ஆடு மாடு வாய் வைக்காது. நெடுஞ்சாலையின் நடுவில் வரிசையாக அரளி நிற்பதற்கும் இதேதான் காரணம். ஆட்டைத் தள்ளி நிறுத்துகிற விஷம்தான் அந்தச் செடியைக் காப்பாத்துது. ஆனால் குட்டி நாய் ஆடு மாதிரி மோந்து பார்த்து ஒதுங்காது. எதையும் கடித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும்.

அந்தச் சொம்பு உப்புத்தண்ணிக்கு வருகிறேன். 1957-இல் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ, கடற்கரை நண்டுகளின் கால் நரம்பை வைத்து ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். 1997-இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. உடம்பின் செல்களில் ஒரு பம்ப் இருக்கிறது. அது சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. அரளி விஷம் அந்தப் பம்பைத்தான் அடைக்கிறது. அதனால்தான் இதயத் துடிப்பு தாளம் தப்புகிறது. சோடியம் என்பது உப்பில் பாதி. செல்கள் சோடியத்தை வெளியே தள்ள முடியாமல் தவிக்கிற குட்டிக்கு நான் இன்னும் சோடியத்தைக் கரைத்து ஊற்றப் பார்த்திருக்கிறேன். விஷமே சாப்பிடாத நாய்க்குக்கூட உப்புத்தண்ணி அதிகமானால் மூளை பாதிக்கும், உயிரே போகலாம்.

அக்கா மேல் தப்பே இல்லை. தலைமுறையாக எல்லா வீட்டிலும் சொல்கிற வைத்தியம் அது. அடுத்த முறை போனபோது விஷயத்தைச் சொன்னேன். "அப்படியா தம்பி, எங்க வீட்டு நாய்க்கு ரெண்டு வாட்டி ஊத்தியிருக்கேனே" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அரளியை வெட்டச் சொல்லி நான் இந்தக் கதையைச் சொல்லலை. அபார்ட்மெண்ட் பால்கனியில் குண்டு அடியோடு, ரோஸ் கலர் பூவோடு நிற்கிற அடீனியம் இருக்கே, அதுவும் இதே குடும்பம், இதே வகை விஷம். நித்யகல்யாணியும் இதே குடும்பம்தான், விஷம் மட்டும் வேறு. நம்ம மாநில மலர் செங்காந்தளின் கிழங்கும் நாய்க்கு ஆபத்து. தொட்டியை உயரத்தில் வையுங்க. உதிர்ந்த பூவையும் காயையும் உடனே பெருக்கிடுங்க. நாய் கடித்துவிட்டால் கைவைத்தியம் வேண்டாம். கொப்பை ஒடிச்சு எடுத்துக்கிட்டு மருத்துவரிடம் ஓடுங்க.

இதைப் பதிவு பண்ணும்போது மிளகு என் காலடியில் தூங்குகிறான். நடுவில் குறட்டைச் சத்தம் கேட்டிருந்தால், அது நான் இல்லை. உப்பு எபிசோடு அடுத்த வாரம்.