எந்தக் கந்தையா? – புங்குடுதீவின் கொடிவழிகளும் கணினியும்

புங்குடுதீவு மக்கள் ஒரே நாளில் சிதறியவர்கள் அல்லர். முதலில் கடைத்தொழில் அவர்களைக் கொழும்புக்கும் தென்னிலங்கை நகரங்களுக்கும் கொண்டு சென்றது. 1958, 1977, 1983 எனக் கலவரம் நேர்ந்த போதெல்லாம் ஒரு பகுதியினர் வாணர் பாலத்தைக் கடந்து ஊருக்குத் திரும்பினர். 1983இன் பின்னர் இளையோர் கடல் கடந்தனர். 1991இல் எஞ்சியிருந்தோரும் பெயர்ந்தபோது தீவே வெறுமையாயிற்று. அவ்வெறுமையைத்தான் அவ்வூர்க் கவிஞர் சு. வில்வரத்தினம் 'காற்றுவழிக் கிராமம்' என்று பெயரிட்டு நூலாக்கினார்.

இன்று ரொறன்ரோவில் ஒரு பேத்தி, பேர்ணில் ஒரு மருமகன், இலண்டனில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் எனப் பலரும் தத்தம் கணினியில் குடும்பக் கொடிவழியை எழுதி வைத்திருக்கின்றனர். ஒருவர் மற்றவரை மணவீட்டிலோ மரணவீட்டிலோ சந்திக்கும்போது, "இரண்டையும் ஒன்றாக்கினால் என்ன?" என்ற கேள்வி எழுகிறது. எளிய கேள்வி போலத் தோன்றும் இது ஏன் எளிதன்று என்பதற்கு, நான் அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

ரொறன்ரோக் கோப்பில் வேலுப்பிள்ளை மகன் கந்தையா, மனைவி செல்லம்மா, பிறப்பு 1908 என்றிருந்தது. பேர்ண் கோப்பிலும் வேலுப்பிள்ளை மகன் கந்தையா, மனைவி செல்லம்மா. பிறப்பு ஏறத்தாழ 1910. மென்பொருள் சிறிதும் தயங்கவில்லை. இருவரும் ஒருவரே என்று பச்சை விளக்குக் காட்டியது. விசையை அழுத்தியதும் ஒருவராக்கியும் விட்டது. மறுகணம் திரையில் ஒரு கணவனும் மனைவியும் ஒரே தகப்பனுக்குப் பிறந்த உடன்பிறப்புகளாகத் தெரிந்தார்கள். வீட்டிலிருந்த மூதாட்டியிடம் கேட்டோம். "தம்பி, அது ரெண்டு கந்தையர். ஒருத்தர் கிணத்தடிக் கந்தையர், மற்றவர் கிளாக்கர் கந்தையர். பிறகு அவையள் சம்பந்தியள் ஆனவை" என்றார். ஒரு மணித்துளிகூட ஆகவில்லை.

கிணற்றடி என்பதை எழுத அந்த மென்பொருளில் கட்டமே இருக்கவில்லை.

இந்த மென்பொருள்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் காரணம் ஓரளவு விளங்கும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தலைமையகம் கொண்ட, மொர்மன்கள் என்று பரவலாக அறியப்படும் திருச்சபையினர், இறந்துபோன முன்னோர்களின் பொருட்டும் சமயச் சடங்குகளைச் செய்பவர்கள். ஒருவருக்கே இருமுறை சடங்கு நடந்துவிடக் கூடாது என்பது அவர்களுக்கு முக்கியம். ஆகவே ஒரே ஆள் இரண்டு பதிவுகளாக இருப்பதைக் கண்டுபிடிப்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு அன்று. 1984இல் அவர்கள் வெளியிட்ட 'பெர்சனல் ஆன்செஸ்ட்ரல் ஃபைல்' என்னும் நிரல், பதிவுகளை ஒப்பிட்டு இணைக்கும் வசதியுடன் வளர்ந்து, 2013இல் நிறுத்தப்படும்வரை உலகெங்கும் புழங்கியது. அதே 1984இல் அவர்கள் உருவாக்கிய 'ஜெட்காம்' என்னும் கோப்பு வடிவமே, ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொடிவழியைக் கொண்டு செல்லும் பொதுமொழி ஆயிற்று. 2001இல் தொடங்கிய 'கிராம்ப்ஸ்' போன்ற கட்டற்ற மென்பொருள்களும் இதைத்தான் வாசிக்கின்றன.

ஜெட்காம் கோப்பில் ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் எண் உண்டு. ஆனால் அந்த எண் அக்கோப்புக்குள் மட்டுமே செல்லும். ரொறன்ரோவின் 25ஆம் எண்ணுக்கும் பேர்ணின் 25ஆம் எண்ணுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனவே பெயர், நாள், இடம் என்னும் மூன்றைக் கொண்டே ஒப்பிட வேண்டியிருக்கிறது. பெயரிலும் குடும்பப்பெயர் எது என்று இரு சாய்வுக்கோடுகளுக்கு நடுவே குறிக்கச் சொல்கிறது அவ்வடிவம். நம்மவர்க்கு அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. நமக்குக் குடும்பப்பெயர் ஏது? தகப்பன் பெயர்தான் முன்னே நிற்கும். கனடாவுக்குப் போனதும் அதுவே 'கடைசிப் பெயர்' ஆகிவிடும். புங்குடுதீவு தந்த எழுத்தாளர்கள் மு. தளையசிங்கமும் மு. பொன்னம்பலமும் உடன்பிறந்தவர்கள். முன்னால் நிற்கும் அந்த ஓர் எழுத்து ஊரவருக்குப் போதும். கணினிக்கு அது வெறும் 'மு'. தளையசிங்கத்தின் பிள்ளைகளோ தலைப்பெழுத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அதற்கு எப்படித் தெரியும்? ஒரு தலைமுறைக்கொரு முறை மாறும் ஒன்றைக் குடும்பப்பெயர் என்று எண்ணித்தான் அது ஒப்பிடுகிறது.

இலங்கையிலேயே பறங்கியருக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை. 1908இல் தொடங்கிய டச்சுப் பறங்கியர் ஒன்றியம் தன் சஞ்சிகையில் குடும்பம் குடும்பமாக வம்சாவளிகளை அச்சிட்டது. அங்கே குடும்பப்பெயரே தலைப்பு. ஏழு தலைமுறை கடந்தாலும் பெயர் மாறாது.

பெயரின் ஒலியைக் கொண்டு ஒப்பிடும் முறையும் ஒன்றுண்டு. 'சவுண்டெக்ஸ்' என்பது அதன் பெயர். ராபர்ட் ரஸல் என்னும் அமெரிக்கர் 1918இல் காப்புரிமை பெற்றது. பெயரின் முதல் ஆங்கில எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, எஞ்சிய மெய்களுக்கு மூன்று எண்களைத் தரும். 1930களில் அமெரிக்க அரசு பழைய குடிமதிப்பு ஏடுகளுக்கு அகரவரிசை அட்டைகள் தயாரித்தது இம்முறையில்தான். ஓய்வூதியத்துக்கு வயதை நிறுவப் பிறப்புச் சான்று இல்லாதோர் அங்கும் ஏராளம். இதைக் கந்தையாவுக்குப் பொருத்திப் பார்த்தேன். கே-530 என்று வந்தது. காந்தி என்னும் பெண்பெயரை ஆங்கிலத்தில் 'கே' போட்டு எழுதினால் அதற்கும் கே-530. கண்டி நகரத்துக்கும் அதே எண். மறுபுறம், கனகசபையைப் பழைய பதிவாளர் 'சி'யில் தொடங்கியும் புதிய பதிவாளர் 'கே'யில் தொடங்கியும் எழுதியிருந்தால், ஒரே ஆள் இரண்டு எண்களுக்குள் போய்விடுவார். வேலுப்பிள்ளையை 'வி'யிலும் 'டபிள்யூ'விலும் எழுதிய பத்திரங்களை நானே பார்த்திருக்கிறேன். யூதக் குடும்பங்களின் கிழக்கு ஐரோப்பியப் பெயர்களுக்கு இது பொருந்தவில்லை என்று கண்டவர்கள் 1985இல் தமக்கெனத் திருத்திய முறை ஒன்றை வகுத்துக்கொண்டார்கள்.

தமிழிலேயே எழுதிவிட்டால் தீராதா என்று கேட்கலாம். பாதிதான் தீரும். 'பொன்னம்மா'வின் முதலெழுத்தைக் கணினி ஒரே கொம்புக்குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கவனமற்ற மென்பொருளுக்கு இரண்டு பொன்னம்மாக்கள். புலம்பெயர்ந்தோர் நெடுங்காலம் பயன்படுத்திய பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகளின் கதியோ இன்னும் மோசம். யூனிகோடுக்கு மாற்றாமல் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பைதான் தெரியும்.

நாளும் கைகொடுப்பதில்லை. பழைய சாதகக் குறிப்பு சித்திரபானு வருடம் என்று மட்டும் சொல்லும். சித்திரபானு 1882இலும் வந்தது, 1942இலும் வந்தது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கம்; அறுபது ஆண்டு இடைவெளி பாட்டனுக்கும் பேரனுக்கும் இயல்பானது. ஆக, பெயரும் ஒன்று, வருடமும் ஒன்று! போதாக்குறைக்கு, யாழ்ப்பாணப் பேச்சில் 'பேரன்' என்றால் பாட்டனையும் குறிக்கும். "இது என்ரை பேரன்" என்று புகைப்படத்தின் பின்னால் எழுதியிருந்தால், எழுதியவரின் வயது தெரிந்தால்தான் பொருள் தெரியும். மச்சாள் மச்சான் மணம், மாற்றுச் சம்பந்தம் ஆகியவை வேறு. அண்ணனும் தங்கையும் இன்னொரு வீட்டின் தங்கையையும் அண்ணனையும் மணந்தால், ஒரே பெயர்கள் இரு வழி உறவாகவும் மாறி மாறி வரும். மேலைநாட்டு நிரல் இதைப் பிழை என்று எச்சரிக்கும். ஊரிலோ இதற்குப் பெயர் உறவு.

இவ்வளவையும் எண்ணிப் பார்க்கும்போது, இத்துறையின் அடிப்படைக் கணக்கை இட்டவர்கள் கனடாவைச் சேர்ந்தவர்கள் என்பது எனக்கு வியப்பூட்டியது. 1959இல் ஹோவர்ட் நியூகோம்ப் என்னும் மரபியல் அறிஞரும் அவருடன் பணியாற்றியோரும், கதிரியக்கம் தலைமுறைகளை எவ்வாறு பாதிக்கும் என்று ஆராயும் நோக்கில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் பிறப்பு, திருமணப் பதிவுகளைக் கணினியால் இணைத்துக் காட்டினார்கள். அரிய பெயர் ஒத்துப்போனால் அதற்கு எடை அதிகம், பொதுவான பெயர் ஒத்துப்போனால் எடை குறைவு என்பது அவர்கள் கையாண்ட கொள்கை. அதாவது, இரு கோப்புகளிலும் 'கந்தையா' இருப்பது ஏறக்குறைய ஒன்றையுமே நிரூபிக்காது. இதற்குக் கணிதக் கோட்பாடு வகுத்தோர் 1969இல் இவான் ஃபெலகியும் ஆலன் சன்டரும். ஃபெலகி 1956 ஹங்கேரிக் கிளர்ச்சியின் பின் அகதியாகக் கனடாவுக்கு வந்தவர். பின்னாளில் அந்நாட்டின் தலைமைப் புள்ளிவிபரவியலாளர் ஆனார். இவர்களின் கோட்பாட்டில் முடிவுகள் மூன்று: ஒருவரே, ஒருவரல்லர், சொல்வதற்கில்லை. மூன்றாவதை மனிதர் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்றே விட்டார்கள்.

அந்த மூன்றாவது கூடைதான் இன்று காணாமற்போகிறது. 'அனைத்தையும் ஏற்றுக்கொள்' என்னும் பொத்தான் அதை விழுங்கிவிட்டது. 2007இல் தொடங்கிய 'ஜெனி' போன்ற தளங்கள் உலகம் முழுமைக்கும் ஒரே மரம் என்ற இலக்கை வைத்தன. அழகிய எண்ணந்தான். ஆனால் சேர்ப்பதற்கு ஒரு நொடி போதும். சேர்த்ததைப் பிரிக்க, எந்தச் செல்லம்மாவின் பிள்ளைகள் எவர் என்று ஒவ்வொன்றாக மீண்டும் விசாரிக்க வேண்டும்.

இது வெறும் பெயர் விளையாட்டாக இருந்தால் இத்தனை எழுதியிருக்க மாட்டேன். காணி இருக்கிறது. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று உடைமையைப் பிரிக்கிறது. சீதனக் காணி தாயிடமிருந்து மகளுக்கு வரும். தகப்பன் பெயரைப் பின்பற்றி ஓடும் மென்பொருளுக்கு இந்த ஓட்டம் தெரியாது. ஆனால் உறுதிக்குத் தெரியும். காணியின் பெயர், பரப்பு, கிழக்கு வடக்கு மேற்கு தெற்கு எல்லைக்காரர் பெயர்கள், இன்னார் மனைவி இன்னார் என்ற அடையாளம் எல்லாம் அதில் இருக்கும். கிணற்றடிக் கந்தையரையும் கிளாக்கர் கந்தையரையும் பிரித்துக் காட்டியதும் இறுதியில் உறுதிகளே: இருவரின் மனைவியரும் சீதனமாகப் பெற்ற காணிகள் வேறு வேறு குறிச்சிகளில் இருந்தன. இலங்கைப் பிறப்புச் சான்றிதழும் ஒரு சிறு கொடிவழிதான். 1948 குடியுரிமைச் சட்டம் வம்சாவளியைக் கேட்டதால், இலங்கையிற் பிறந்த பாட்டனின் பெயரும் பிறந்த ஆண்டும் இடமும் அதில் இடம்பெறுகின்றன. கெட்ட நோக்கத்துக்கும் பயன்பட்ட சட்டம் அது. மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்ததும் அதுவே. ஆனாலும் அந்தக் கட்டம் இன்று நமக்கு உதவுகிறது.

இலங்கையின் 1977ஆம் ஆண்டு 21ஆம் இலக்கப் பங்கீட்டுச் சட்டப்படி, பங்கு வழக்குத் தொடுப்பவர் உரிமை எவ்வாறு இறங்கி வந்தது என்று காட்டும் வம்சாவளியை வழக்குரையுடன் தாக்கல் செய்ய வேண்டும். பத்து ஆண்டு தடையின்றி ஆண்டவருக்குக் காணி சொந்தமாகலாம் என்பது 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். போரினால் வரமுடியாது போனவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்துக்கு விலக்களிக்க 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. உரிமை கோருபவர் யாருடைய வழியில் வந்தவர் என்பதைச் சொல்லத்தானே வேண்டும்? இணையத்தில் இறக்கிய, எவரோ பொத்தானை அழுத்தி ஒன்றாக்கிய மரத்தைப் பார்த்து வம்சாவளி வரைந்தால், கிளாக்கர் கந்தையரின் பிள்ளைகள் கிணற்றடியாரின் வளவுக்கு உரித்தாளிகள் ஆகிவிடுவார்கள். நீதிமன்றம் அதை நம்பாது போகலாம். ஆனால் இரண்டு சம்பந்தி வீடுகள் பேச்சை முறித்துக்கொள்ள அந்தத் தாள் ஒன்றே போதும்.

என் நண்பர் குடும்பத்தார் இப்போது இரு கோப்புகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, மூன்றாவதாக ஒரு புதுக்கோப்புத் திறந்திருக்கிறார்கள். ஐயமற்றவர்கள் மட்டும் அதற்குள் போகிறார்கள். எவர் சொன்னது, எந்த உறுதி என்பது ஒவ்வோர் ஆளின் கீழும் எழுதப்படுகிறது. கிணற்றடி, கிளாக்கர் எல்லாம் குறிப்புப் பகுதியில் ஏறிவிட்டன. ஐயமானவர்களின் பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, கண்ணகை அம்மன் கோயில் திருவிழாவுக்கு ஊர் போகிறவர்களின் கையில் கொடுத்துவிடுகிறார்கள். சென்ற முறை போய்வந்த தாளில் நான்கு பெயர்களுக்கு எதிரே பென்சிலால் பதில் எழுதப்பட்டிருந்தது. ஐந்தாவதன் எதிரே, "இவவை இறுப்பிட்டியிலை கேளுங்கோ" என்றிருந்தது.