கீரனூரும் குளத்தூர் வட்டமும்

திருச்சி - புதுக்கோட்டை சாலையில் ஏறத்தாழ பாதி வழியில் உள்ள சிற்றூர் கீரனூர். வானம் பார்த்த பூமி. சுற்றிலும் பாறைக் குன்றுகள், குளங்கள். வட்டாட்சியர் அலுவலகம் இங்கேதான் இருக்கிறது. வட்டத்தின் பெயரோ குளத்தூர்!

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் புதுக்கோட்டை ரகுநாதராயத் தொண்டைமானின் சகோதரர் நமனத் தொண்டைமான் குளத்தூரைத் தனிப் பாளையமாக ஆளத் தொடங்கினார். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் அது புதுக்கோட்டையோடு சேர்ந்துவிட்டது. பாளையம் போயிற்று, பெயர் மட்டும் நின்றது.

அருகிலுள்ள நார்த்தாமலையிலும் இதே கதைதான். அங்குள்ள கோயிலின் பெயர் விசயாலய சோழீச்சுரம். ஆனால் கட்டியவர் சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையர் என்றும், மழையில் இடிந்ததை மல்லன் விடுமன் புதுப்பித்தார் என்றும் கல்வெட்டு சொல்கிறது. கீரனூர் வழியே பேருந்தில் போகிறவர்களில் எத்தனை பேர் இறங்கி அதைப் பார்க்கிறார்கள்?