ஜெனீவாவில் ஒரு வாழை வழக்கு

1996 பிப்ரவரியில் ஐந்து நாடுகள் சேர்ந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் மீது உலக வர்த்தக அமைப்பில் ஒரு வழக்குத் தொடுத்தன. விவகாரம், வாழைப்பழம். ஈக்வடார், குவாதமாலா, ஹோண்டுராஸ், மெக்சிகோ ஆகிய நான்கும் வாழை விளைகிற நாடுகள், அவை வழக்குப் போட்டதில் ஆச்சரியமில்லை. ஐந்தாவது நாடு அமெரிக்கா. ஹவாயிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் கொஞ்சம் வாழை உண்டு. மற்றபடி வாழை ஏற்றுமதிக்கும் அமெரிக்காவுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஆனாலும் வழக்கை முன்னின்று நடத்தியது அவர்கள்தான்.

நான் கோடு எழுதிப் பிழைப்பவன். வர்த்தகச் சட்டம் படித்தவனல்ல. ஆனால் விதிகளை வைத்து ஒரு அமைப்பைக் கட்டினால் அது எங்கே வேலை செய்யும், எங்கே சொதப்பும் என்பதைப் பார்ப்பதுதான் என் தினசரி வேலை. அந்தக் கண்ணோடு படித்தபோது இந்த வாழை வழக்கு என்னை விடவே இல்லை. ‘எல்லோருக்கும் ஒரே விதி’ என்ற வாக்கியத்தை நான் எவ்வளவு எளிதாக நம்பிக்கொண்டிருந்தேன் என்பதை யோசிக்க வைத்தது.

*

முதலில் ஒரு தெளிவு. உலகிலேயே அதிகமாக வாழை விளைவது இந்தியாவில். ஆனால் இந்தச் சண்டையில் இந்தியா இல்லை. காரணம் எளியது, விளைவதில் பெரும்பகுதியை நாமே தின்றுவிடுகிறோம். உலகச் சந்தையில் கப்பலேறும் வாழை, நம்மூரில் மோரிஸ் என்று வாங்குகிற பச்சைப்பழத்தின் குடும்பமான கேவண்டிஷ் இனம். பழம் ஒன்றுதான். ஆனால் அது விளைகிற நிலம் இரண்டு வகை.

ஒன்று, ஈக்வடார், ஹோண்டுராஸ், கோஸ்டா ரிகா போன்ற நாடுகளின் சமவெளி. கண்ணுக்கெட்டிய தூரம் வரை தோட்டம், குறைந்த கூலி, நிறைய பூச்சிமருந்து. இதற்கு டாலர் வாழை என்று பெயர். சிக்கிட்டா, டோல், டெல்மாண்டே என்ற மூன்று பெரிய நிறுவனங்கள் இந்த வியாபாரத்தில் கோலோச்சின. சிக்கிட்டா வேறு யாருமல்ல, மத்திய அமெரிக்காவில் அரசுகளையே ஆட்டிவைத்த பழைய யுனைடெட் ஃப்ரூட் கம்பெனியின் வாரிசு.

இன்னொன்று, கரீபியக் கடலின் விண்ட்வார்டு தீவுகள். செயின்ட் லூசியா, டொமினிக்கா, செயின்ட் வின்சென்ட், கிரெனடா. மலைச்சரிவில் சில ஏக்கர் நிலம், அதில் குடும்பமே இறங்கி வேலை செய்யும். உற்பத்திச் செலவு சமவெளித் தோட்டத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பிறகு ஏன் அங்கே வாழை? புயல்தான் காரணம். புயலில் கோகோ மரம் சாய்ந்தால் மீண்டும் காய்க்கப் பல வருடம் ஆகும். வாழை சாய்ந்தால், கட்டையிலிருந்து கன்று கிளம்பி ஒரு வருடத்துக்குள் தார் போட்டுவிடும். 1950களில் கீஸ்ட் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் வந்து, விளைவதை வாங்கிக்கொள்கிறோம் என்றது. வாரம் தவறாமல் கப்பல் வந்தது. வாரம் தவறாமல் கையில் காசும் வந்தது. தீவுக்காரர்கள் வாழையைப் பச்சைத் தங்கம் என்றார்கள். அந்தக் காசில் வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். செயின்ட் லூசியாவின் ஏற்றுமதி வருமானத்தில் பாதியளவு வாழையிலிருந்தே வந்த காலம் உண்டு.

அதே செயின்ட் லூசியாவில் பிறந்தவர்தான் 1979இல் பொருளாதார நோபல் பெற்ற ஆர்தர் லூயிஸ். வெப்பமண்டல விவசாயி எவ்வளவு பாடுபட்டாலும் அவன் விளைச்சலுக்கு ஏன் அற்ப விலையே கிடைக்கிறது என்ற கேள்வியை வாழ்நாள் முழுக்கத் துரத்தியவர். 1991இல் இறந்துபோனார். அவருடைய கேள்விக்கான பரீட்சை, அவர் பிறந்த தீவிலேயே இரண்டு வருடம் கழித்துத் தொடங்கியது.

*

1993 வரை ஐரோப்பாவில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வாழைக் கொள்கை. பிரிட்டனும் பிரான்சும் தங்கள் பழைய காலனிகளின் பழத்துக்கு முன்னுரிமை கொடுத்தன. அதற்கு 1975இன் லோமே ஒப்பந்தம் எழுத்துபூர்வமான உறுதியும் தந்திருந்தது. ஜெர்மனி நேர் எதிர். 1957இல் ரோம் ஒப்பந்தம் கையெழுத்தானபோதே, வாழைக்கு வரி கிடையாது என்று அடினாவர் தனி இணைப்பே எழுதி வாங்கிக்கொண்டார். மலிவான டாலர் வாழை ஜெர்மனிக்குள் தடையில்லாமல் வந்தது.

ஒரே சந்தை என்றான பிறகு இந்தக் கதம்பம் செல்லாது. 1993 ஜூலையில் பொது விதி வந்தது. ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகளின் பாரம்பரிய வாழைக்கு 8,57,700 டன் வரை வரியே இல்லை. லத்தீன் அமெரிக்க வாழைக்கு 20 லட்சம் டன் கோட்டா, டன்னுக்கு 100 எக்யூ வரி (யூரோவுக்கு முந்தைய கணக்கு அலகு அது). கோட்டாவைத் தாண்டினால் டன்னுக்கு 850. கதவைச் சாத்தவில்லை, சங்கிலி போட்டுவிட்டார்கள்.

சூட்சுமம் லைசென்ஸில் இருந்தது. டாலர் வாழையை இறக்குமதி செய்யும் உரிமத்தில் 30 சதவீதம், அதுவரை ஐரோப்பிய, காலனி வாழையை விற்றுவந்த கம்பெனிகளுக்கு ஒதுக்கப்பட்டது. அதாவது, சிக்கிட்டாவின் சந்தையில் ஒரு பங்கை வெட்டி, போட்டி வியாபாரிகளின் இலையில் வைத்தார்கள். அந்த லைசென்ஸே ஒரு சொத்து, கையில் வைத்திருந்தாலே காசு.

இங்கே ஐரோப்பாவை ஏழைப் பங்காளன் என்று நினைத்துவிடக் கூடாது. தீவு விவசாயிக்கு ஒரு டாலர் போய்ச்சேர ஐரோப்பிய நுகர்வோர் பத்து டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று உலக வங்கிக்காகச் செய்யப்பட்ட ஆய்வு கணக்கிட்டது. மிச்சமெல்லாம் நடுவில் இருந்த வியாபாரிகளுக்கு. விவசாயியின் பெயரைச் சொல்லி யார் யாரோ சாப்பிட்டார்கள். நமக்கும் பழக்கமான கதைதானே?

*

ஐரோப்பாவின் வாழைக் கொள்கைகளை எதிர்த்து லத்தீன் அமெரிக்க நாடுகள் அப்போதிருந்த காட் அமைப்பில் இரண்டு முறை முறையிட்டன. 1993, 1994 இரண்டிலும் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகம். ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. ஏனென்றால் காட்டில் ஒரு தீர்ப்பு செல்லுபடியாக, உறுப்பு நாடுகள் எல்லாம் ஒப்புக்கொள்ள வேண்டும், தோற்ற நாடு உட்பட. திருடனும் கையெழுத்துப் போட்டால்தான் தண்டனை என்கிற மாதிரி. யார் போடுவார்கள்?

1995 ஜனவரி 1 அன்று உலக வர்த்தக அமைப்பு பிறந்தபோது இந்த விதியைத் தலைகீழாக்கினார்கள். இனி எல்லோரும் சேர்ந்து வேண்டாம் என்றால்தான் தீர்ப்பு தள்ளுபடி. ஒரே ஒரு நாடு, அதாவது ஜெயித்த நாடு, வேண்டும் என்றால் போதும். தீர்ப்பு தானாக அமலாகும். எங்கள் பாஷையில் சொன்னால் ஒரு டீஃபால்ட் மதிப்பை மாற்றினார்கள், அவ்வளவுதான். மொத்த அமைப்பின் குணமும் மாறிப்போனது. அதுவரை பேச்சுவார்த்தை மேடையாக இருந்தது, நீதிமன்றமானது.

அந்த நீதிமன்றத்தின் அடிப்படை விதியை நம்மூர்ப் பந்தியை வைத்துச் சொல்லலாம். ஒருவர் இலையில் அப்பளம் வைத்தால் பந்தியில் இருக்கும் எல்லோர் இலையிலும் வைக்க வேண்டும். வேண்டியவன், வேண்டாதவன் என்று பார்க்கக் கூடாது. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் ஐரோப்பா செய்தது அதைத்தான்: வேண்டியவனுக்குத் தனி உபசாரம். வழக்கின் முடிவு அப்போதே பாதி எழுதப்பட்டுவிட்டது.

*

சரி, அமெரிக்கா எப்படி உள்ளே வந்தது? சிக்கிட்டா 1990களின் தொடக்கத்தில், ஐரோப்பா முழுக்கத் திறக்கப்போகிறது என்று நம்பிக் கடன் வாங்கி விரிவாக்கம் செய்திருந்தது. விதி வந்ததும் அடி. அதன் தலைவர் கார்ல் லிண்ட்னர், அமெரிக்காவின் இரண்டு கட்சிகளுக்கும் தாராளமாக நன்கொடை கொடுத்தவர். 1994 செப்டம்பரில் சிக்கிட்டாவும் ஹவாய் வாழை விவசாயிகள் சங்கமும் அமெரிக்க அரசிடம் மனு கொடுத்தன. அரசு எடுத்துக்கொண்டது.

வாழையே ஏற்றுமதி செய்யாத உனக்கு இதில் என்ன நஷ்டம் என்று ஐரோப்பா கேட்டது. நியாயமான கேள்விதான். ஆனால் எந்த நாடும், வழக்குப் போடுவது பலன் தருமா என்பதைத் தானே தீர்மானித்துக்கொள்ளலாம், அமெரிக்கா வாழை விளைவிக்கிறது, நாளைக்கு ஏற்றுமதியும் செய்யலாம் என்று மேல்முறையீட்டு அமைப்பு சொல்லிவிட்டது.

அதே வழக்கில் இன்னொரு காட்சி. செயின்ட் லூசியா மூன்றாம் தரப்பாகத் தன் கட்சியைச் சொல்ல வந்தது. அத்தனை சிறிய நாட்டிடம் வர்த்தகச் சட்டம் கரைத்துக்குடித்த அரசு அதிகாரிகள் எங்கே இருப்பார்கள்? வெளியிலிருந்து தனியார் வழக்கறிஞர்களை அமர்த்திக் கூட்டிவந்தது. எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. அரசு ஊழியர் அல்லாதவர் விசாரணை அறையில் உட்காரக் கூடாது என்று விசாரணைக் குழு அவர்களை வெளியே அனுப்பியது. யாருடைய பிழைப்பு தராசில் இருந்ததோ, அவர்களுடைய வக்கீல் வெளியே. மேல்முறையீட்டில்தான், யாரைக் கூட்டிவருவது என்பது அந்தந்த நாட்டின் விருப்பம் என்று சொல்லி அனுமதித்தார்கள். சின்ன நாடுகளுக்கு அது பெரிய கதவு. ஆனால் இந்த வழக்குக்குத் தாமதமாகத் திறந்த கதவு.

1997 செப்டம்பரில் இறுதித் தீர்ப்பு. ஐரோப்பா தோற்றது. காலனி நாடுகளுக்கு முன்னுரிமை தர லோமேயை முன்னிட்டு விலக்கு இருந்தது உண்மைதான், ஆனால் கோட்டாவைப் பங்கிட்ட விதமும் லைசென்ஸ் ஏற்பாடும் அந்த விலக்குக்குள் அடங்காது என்பது சாரம்.

*

ஐரோப்பா விதியை அங்கே இங்கே ஒட்டுப்போட்டுத் திருத்திவிட்டோம் என்றது. அமெரிக்கா ஏற்கவில்லை. ஆண்டுக்கு 52 கோடி டாலர் நஷ்டம் என்று கேட்டது. நடுவர்கள் 1999 ஏப்ரலில் 19.14 கோடி டாலர் என்று தீர்த்தார்கள். அந்த மதிப்புக்கு ஐரோப்பியப் பொருட்கள் மேல் அமெரிக்கா 100 சதவீத வரி போட்டது. கைப்பை, குளியல் பொருட்கள், படுக்கை விரிப்பு, பேட்டரி, காபி மேக்கர். வாழைப்பழத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத ஏதோ ஒரு பட்டறைத் தொழிலாளியின் வயிற்றில் அடி. வாழை விதியை எதிர்த்து வாக்களித்திருந்த டென்மார்க்கையும் நெதர்லாந்தையும் மட்டும் விட்டுவிட்டார்கள்.

இப்போது ஈக்வடாரைப் பாருங்கள். உலகின் மிகப் பெரிய வாழை ஏற்றுமதியாளர், உண்மையாகவே நஷ்டப்பட்ட நாடு. 2000ஆம் ஆண்டில் அதற்கு 20.16 கோடி டாலர் வரை பதிலடி கொடுக்கும் உரிமை கிடைத்தது. அமெரிக்காவைவிட அதிகம்! ஆனால் எப்படிக் கொடுப்பது? ஐரோப்பிய இயந்திரங்களுக்கு வரி போட்டால், அவற்றை வாங்குகிற ஈக்வடார் தொழிற்சாலைக்குத்தான் செலவு கூடும். ஐரோப்பாவுக்கு அது கொசுக்கடி. அதனால் நடுவர்கள் முதன்முறையாக வேறொரு வழியைத் திறந்தார்கள். இசைப்பதிவுகள், தொழில் வடிவமைப்பு, புவிசார் குறியீடு ஆகியவற்றின் அறிவுசார் சொத்துரிமையை ஈக்வடார் நிறுத்திவைக்கலாம். பழத்துக்குப் பதில் பாட்டு. புத்திசாலித்தனமான தீர்வு. ஆனால் ஈக்வடார் அதைக் கடைசிவரை பயன்படுத்தவே இல்லை.

ஒரே விதி, ஒரே தீர்ப்பு, ஒரே உரிமை. ஒருவர் கையில் அது சாட்டை, இன்னொருவர் கையில் காகிதம். விதிப்புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இந்த வித்தியாசம் எழுதப்பட்டிருக்கவில்லை.

2001இல் சமரசம். 2006இல் கோட்டாவை விட்டு, டன்னுக்கு 176 யூரோ என்ற ஒற்றை வரிக்கு ஐரோப்பா மாறியது. மறுபடி வழக்கு. 2009 டிசம்பரில் ஜெனீவா ஒப்பந்தம், வரியை உடனே 148ஆகவும் படிப்படியாக 114ஆகவும் குறைக்கச் சம்மதம். 2012 நவம்பர் 8 அன்று முறைப்படி முற்றுப்புள்ளி. தொடக்கத்திலிருந்து எண்ணினால் ஏறக்குறைய இருபது வருடம். வழக்கைத் தூண்டிய சிக்கிட்டா, நடுவே 2001 நவம்பரில் திவால் பாதுகாப்புக் கேட்டு நின்றது தனிக்கதை.

*

விண்ட்வார்டு தீவுகளில் 1990களின் தொடக்கத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வாழை விவசாயிகள் இருந்தார்கள். பத்துப் பதினைந்து வருடத்தில் சில ஆயிரமாகச் சுருங்கினார்கள். பழியை முழுக்க ஜெனீவா மேல் போட முடியாது. பிரிட்டிஷ் சூப்பர் மார்க்கெட்டுகள் வாழை விலையைப் போட்டிபோட்டுக் குறைத்தன. 2010இல் டோமாஸ் புயல் வந்தது, கருப்பு சிகடோகா இலைப்புள்ளி நோய் வந்தது. இன்றும் அந்தத் தீவுகளின் பழத்துக்கு ஐரோப்பாவில் வரி பூஜ்யம்தான். ஆனால் மற்றவனுக்கு 850 இருக்கும்போது என் பூஜ்யத்துக்கு ஒரு மதிப்பு, மற்றவனுக்கு 114 ஆனபின் அதே பூஜ்யத்துக்கு வேறு மதிப்பு. எஞ்சியவர்களில் பலர் நியாய வணிக முத்திரை பெற்ற பழத்துக்கு மாறித் தாக்குப்பிடித்தார்கள். பத்து வாழை நாடுகளுக்குச் சேர்த்து ஐரோப்பா 19 கோடி யூரோ உதவி அறிவித்தது.

அப்படியென்றால் ஈக்வடார் விவசாயியின் பக்கம் நியாயம் இல்லையா? இருக்கிறது. அவனும் ஏழைதான், அவனைக் காலனியாக வைத்திருந்தது வேறு ராஜா என்பதற்காக அவன் ஏன் அதிக வரி கட்ட வேண்டும்? இதுதான் இந்த வழக்கில் என்னைத் தூங்கவிடாத இடம். சம விதி ஒரு ஏழைக்குக் கதவைத் திறந்தபோது இன்னொரு ஏழையின் கூரையைப் பிரித்தது. இரண்டையும் நியாயம் என்றோ அநியாயம் என்றோ ஒரு சொல்லில் அடைக்க முடியவில்லை. அந்த இழப்புக்கு யார் பொறுப்பு, எவ்வளவு காலம் கொடுப்பது என்பதையும் விதியின் ஒரு பகுதியாகவே எழுதியிருக்கலாம். பின்னால் ஒட்டிய உதவித்தொகையாகத்தான் அது வந்தது.

ஆனால் விதியே வேண்டாம் என்று சொல்லும் துணிச்சலும் எனக்கில்லை. அந்தத் தலைகீழ் டீஃபால்ட் இல்லாமல் இருந்திருந்தால் ஈக்வடார் இன்னும் மனு எழுதிக்கொண்டிருக்கும். செயின்ட் லூசியாவின் வக்கீல் இன்னும் வெளியே நின்றுகொண்டிருப்பார். 2019 டிசம்பர் 11 முதல் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு செயல்படவில்லை. புதிய உறுப்பினர்களை நியமிக்க அமெரிக்கா தொடர்ந்து சம்மதம் மறுத்ததால் விசாரிக்க ஆள் இல்லை. இப்போது தோற்ற நாடு, காலியான அந்த அமைப்பிடம் ஒரு மேல்முறையீட்டைப் போட்டுவிட்டால் போதும், தீர்ப்பு அப்படியே அந்தரத்தில் நிற்கும். நடைமுறையில் பழைய காட் காலத்து டீஃபால்ட் திரும்பிவிட்டது. வாழையே ஏற்றுமதி செய்யாமல் அந்த நீதிமன்றத்தில் வழக்காடி ஜெயித்த அதே நாடுதான், அதன் நாற்காலிகளைக் காலியாக வைத்திருக்கிறது.