பைண்டு செய்த தொடர்கதை

சென்னைத் தேனாம்பேட்டையில் தொடர்கதை பைண்டிங் காலமாகிவிட்டது. நாள், கிழமை குறித்துச் சொல்லும்படியான சாவு இல்லை. கடைசி வாடிக்கையாளர் வராமல் போன பிறகும் கடைக்காரர் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்ததால், போனது தெரியவே சில வருஷம் ஆயிற்று.

இருபது, முப்பது வயதுக்காரர்களுக்கு இது என்னவென்று சொல்ல வேண்டும். விகடன், கல்கி, குமுதம் என்று வீட்டுக்கு வரும் வார இதழிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் வாராவாரம் பிரித்தெடுத்துச் சேர்ப்பார்கள். கதை முடிந்ததும் கட்டாகக் கட்டி, தெருமுனை பைண்டிங் கடையில் கொடுத்தால் காலிகோ துணி முதுகும் கெட்டி அட்டையுமாக ஒரு நாவல் கைக்கு வரும். பதிப்பகம் அதே கதையைப் புத்தகமாகப் போடும்வரை காத்திருக்கப் பொறுமையோ, போட்ட பிறகு வாங்கப் பணமோ இல்லாத குடும்பங்கள் தாமே பதிப்பாளர்களாகிக்கொண்ட ஏற்பாடு இது.

1950 அக்டோபரில் தொடங்கிய பொன்னியின் செல்வன் 1954 வரை கல்கியில் ஓடியது. மூன்றரை வருஷம் விடாமல் சேர்ப்பதற்கு வீட்டில் ஒருவர் கண்டிப்பாக இருந்தாக வேண்டும். பெரும்பாலும் பாட்டியோ கல்யாணமாகாத அத்தையோ. தேனாம்பேட்டைக்கு இதில் ஒரு தனி உரிமையும் உண்டு. கொத்தமங்கலம் சுப்பு வேலை பார்த்த ஜெமினி ஸ்டூடியோ மவுண்ட் ரோட்டில், இன்றைய மேம்பாலத்துக்கு அருகில்தான் இருந்தது. அவர் கலைமணி என்ற பெயரில் விகடனில் எழுதிய தில்லானா மோகனாம்பாள், 1968இல் படமாவதற்குப் பத்து வருஷம் முன்பே இந்தப் பக்கத்து அலமாரிகளில் அட்டை போட்டு உட்கார்ந்துவிட்டது.

சேர்ப்பதிலும் சிக்கல்கள் இருந்தன. நடுவில் பின் அடித்த இதழில் ஒரு தாளை இழுத்தால் மறுபாதியும் கூடவே வரும். அதில் வேறெதுவோ இருக்கும். அதைவிட மோசம், ஒரே தாளின் முன்பக்கத்தில் ஒரு தொடரின் முடிவும் பின்பக்கத்தில் இன்னொரு தொடரின் ஆரம்பமும் வந்துவிடுவது. இரண்டையும் சேர்க்கிற வீட்டில் அந்தத் தாள் யாருக்கு? மாமியார் சேர்க்கும் சரித்திரக் கதைக்கா, மருமகள் சேர்க்கும் சமூகக் கதைக்கா? தோற்ற தொகுப்பில் அந்தப் பக்கத்தைக் கையால் எழுதி நோட்டுக் காகிதமாகச் செருகியிருப்பார்கள். இரவல் கொடுத்துத் திரும்பாத இதழ்களுக்கும் இதே வைத்தியம்தான்.

பிறகு கடை. பத்துக்குப் பத்து அறை, ஓர் இரும்பு பிரஸ், மூலையில் பசை வாளி. மைதாவைக் காய்ச்சிக் கொஞ்சம் மயில்துத்தம் கலந்த பசை. இல்லாவிட்டால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்ததாகும். பைண்டர் முதலில் தாள்களைத் தட்டி ஓரம் சேர்ப்பார். கிழிசல்களுக்கு மெல்லிய காகிதத்தை ஒட்டுப் போடுவார். எல்லாம் தனித்தாள் என்பதால் மடிப்பு வழியாகத் தைக்க வழியில்லை. ஓரத்திலிருந்து அரை அங்குலம் தள்ளிக் குத்தூசியால் துளை போட்டு, கட்டு முழுவதையும் ஊடுருவித் தைக்க வேண்டும். அதனால்தான் அந்தக் கேள்வியை எல்லாரிடமும் கேட்பார்: “உள்பக்கம் எழுத்து கொஞ்சம் உள்ள போயிடும்மா, பரவாயில்லையா?” பரவாயில்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். இன்று அவற்றைப் படிக்கும்போது பொன்னியின் செல்வனின் வந்தியத்தேவன் வரிக்கு ஒரு சொல்லைத் தையலுக்குள் தொலைத்துவிட்டுக் குதிரையில் போகிறான்.

தைத்தபின் முதுகில் பசை, மூன்று பக்கமும் கத்தி, அதன்பின் அட்டை. முதுகுக்கு மட்டும் காலிகோ, மீதிக்குப் பூப்போட்ட காகிதம். ராத்திரி முழுக்க பிரஸ்ஸில் அழுந்திக் கிடக்கும்.

அப்படி வந்த தொகுதி அச்சடித்த நாவலைவிட எனக்கு ஒசத்தி. மணியமும் கோபுலுவும் வரைந்த படங்கள் வந்த அளவிலேயே இருக்கும்; பிற்காலப் புத்தகப் பதிப்புகள் பலவற்றில் அவை சுருங்கின, அல்லது காணாமலே போயின. முன்கதைச் சுருக்கம் இருக்கும். சில பக்கங்களுக்கு ஒருமுறை ‘தொடரும்’ இருக்கும். கதை எந்த இடத்தில் ஒரு வாரம் தொங்கவிட்டது என்று அதை வைத்துத்தான் தெரியும். பழையாறை அரண்மனைக்குப் பக்கத்திலேயே தலைவலித் தைலத்துக்கு விளம்பரம், அதன்கீழ் மாப்பிள்ளை ஜோக். சுஜாதா குமுதத்தில் தொடங்கி, எதிர்ப்பு கிளம்பியதால் பாதியில் நிறுத்தப்பட்ட ‘கருப்பு சிவப்பு வெளுப்பு’ பிறகு ‘ரத்தம் ஒரே நிறம்’ என்று வேறாக எழுதப்பட்டது. முதலில் வந்த அத்தியாயங்களைப் பார்க்க நினைப்பவன் அந்தப் பழைய தாள்களைத்தான் தேட வேண்டும்.

இரங்கல் என்பதற்காகக் குறையை மறைக்கக் கூடாது. இந்த வழக்கம் இதழ்களைக் கொன்றது. ஒரு தொடருக்காக உருவப்பட்ட இதழின் மீதி பழைய பேப்பர்காரரிடம் போனது. தேதி இருந்த அட்டையும் அதோடு போனது. முழு இதழாக வைத்திருந்தவர்களால்தான் தமிழ் இதழியல் வரலாறு பிழைத்தது. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா அப்படிப்பட்டவர். 1992இல் அவர் மறைந்த பிறகு, அவர் சேர்த்ததைக் கொண்டு 1994இல் சென்னையில் நூலகம் எழுந்தது. இப்போது தரமணியில் இருக்கிறது. நம் வீட்டுத் தொகுதிகளுக்கு அந்தப் பெருமை இல்லை. காகிதமும் மட்டம். லிக்னின் நீக்காத நியூஸ்பிரிண்ட் தனக்குள்ளேயே அமிலம் சுரந்து பழுப்பாகி, மடித்தால் அப்பளமாக நொறுங்கும். தையல் நன்றாக நிற்கும். அதை ஒட்டிய தாள் விட்டுப்போகும்.

சாவுக்குக் காரணம் தொலைக்காட்சித் தொடர்தான் என்பது பொதுவான தீர்ப்பு. பாதிதான் சரி. அச்சடித்த நாவல் மலிந்தது ஒரு காரணம். எழுத்தாளர் கல்கியின் படைப்புகள் நாட்டுடைமை ஆனதும் பொன்னியின் செல்வனை யார் வேண்டுமானாலும் போடலாம் என்றாகி, ஐந்து பாகத்தையும் ஒரே மெல்லிய அட்டைக்குள் திணித்த பதிப்புகளும் வந்தன. 2020இல் கல்கி இதழே அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போனது. கிழித்துச் சேர்க்கத் தாளே இல்லை.

இன்னொரு காரணம் அந்த மெல்லிய அட்டைக்குள் இருக்கிறது. பழைய புத்தகங்கள் ஃபாரம் ஃபாரமாக மடித்துத் தைத்தவை. பிரிந்தால் மறுபடி அதே மடிப்பில் தைக்கலாம். இன்றைய புத்தகத்தில் முதுகு மடிப்பை இயந்திரம் சீவித் தள்ளிவிட்டு, சூட்டில் உருகிய பசையைத் தடவி அட்டையை ஒட்டுகிறது. எண்ணூறு பக்கத்தை விரித்து வைத்து இரண்டு கோடை படித்தால் பசை விறைத்து, நடுவில் வெடித்து, தாள்கள் கொத்தாகக் கையோடு வரும். பைண்டரிடம் கொண்டுபோனால் அவருக்குக் கிடைப்பது மறுபடியும் தனித்தாள்கள்தான். துளை போட்டுத் தைக்கலாம் என்றால், காகிதத்தை மிச்சம் பிடிக்க உள் ஓரத்தை ஏற்கெனவே ஒட்ட நறுக்கியிருக்கிறார்கள். தைக்கிற கூலிக்கு இன்னொரு பிரதியே வாங்கலாம் என்று அவரே சொல்லி அனுப்புவார். தன் தொழிலுக்குத் தானே எழுதிக்கொடுத்த மரணச் சான்றிதழ்.

வாரிசுகள் இருக்கிறார்கள். தேனாம்பேட்டையில் ஜெராக்ஸ் கடைகளுக்குப் பஞ்சமில்லை. கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்டுக்கு ஐந்து நிமிஷத்தில் ஸ்பைரல் மாட்டித் தருகிறார்கள். பிளாஸ்டிக் சுருளுக்குப் பசையும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். ஒருநாள் ராத்திரி காத்திருக்கவும் வேண்டாம்.

உங்கள் பரணில் இப்படி ஒரு தொகுதி கிடந்தால் தயவுசெய்து செலோ டேப் ஒட்டாதீர்கள். அந்தப் பசை சில வருஷத்தில் பழுப்பாகித் தாளுக்குள் இறங்கிவிடும். அப்புறம் எடுக்க முடியாது. அகலமான பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டி, செங்குத்தாக நிறுத்தாமல் படுக்க வையுங்கள். மறுபடி பைண்டு பண்ண ஆள் கிடைத்துவிட்டால், கட்டிங் மெஷினில் மட்டும் வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொடுங்கள். ஏற்கெனவே ஒருமுறை வெட்டுப்பட்ட ஓரம். இன்னொரு வெட்டு விழுந்தால் வெளிப்பக்க எழுத்தும் போய்விடும்.