தொற்றுக் காலத்தில் எந்தத் தகவலை நம்புவது?

போர்க்காலத்தில் ஒரு வதந்தி ஊரையே இடம்பெயர வைத்ததை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். நோய் பரவும்போதும் அதே நிலைதான். மொனராகலை, பதுளைத் தோட்டங்களில் நான் பார்த்தவரை, அறிவித்தல் தமிழில் வருமுன் வட்ஸ்அப் செய்தி லயனுக்கு வந்துவிடுகிறது.

2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் கொரோனாவுக்கெனக் கொடுத்த பாணிக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அதைப் பகிரங்கமாக அருந்திய அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சிக்கு 2021 ஜனவரியில் தொற்று உறுதியானது. சொல்பவரின் பதவி மட்டும் போதாது.

பகிருமுன் நான் பார்ப்பவை மூன்று:

யார் சொன்னது? "ஒரு டொக்டர் சொன்னாராம்" என்பது ஆதாரமல்ல. நோயாளர் எண்ணிக்கையை சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வாராந்தம் வெளியிடுகிறது.

எப்போது சொன்னது? திகதியில்லாத அறிவித்தலை நம்பவேண்டாம். பழையவை மீண்டும் சுற்றும்.

யாரிடம் உறுதிப்படுத்தலாம்? சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல உத்தியோகத்தர். தமிழிலேயே கேளுங்கள், 1987 முதல் தமிழும் அரச கரும மொழி. அரச தகவல் நிலையத்தின் இலக்கம் 1919.

காய்ச்சல்காரரை மட்டும் காத்திருக்க வைக்காதீர்கள். டெங்கு சந்தேகமென்றால் அஸ்பிரின், இபுபுரூபன் கொடுக்கக்கூடாது, இரத்தக்கசிவு கூடும். அவசரத்துக்கு 1990 இலவச அம்புலன்ஸ்.