சமமாக இருந்தால் எந்தப் பக்கம்? நிபந்தனைக் கூற்றின் வரலாறும் ஒரு மின்கட்டணக் கணக்கும்

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலையில் இருக்கிறது சென்னீர்குப்பம். அங்கே ஒரு வீட்டில் இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓடியிருந்தால், 2022 செப்டம்பர் கட்டணப்படி ரூ.1,725 கட்ட வேண்டியிருந்தது. 501 ஓடியிருந்தால் ரூ.1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு ரூ.233 ஏறியது. அந்த 501-ஆவது யூனிட்டின் விலை ரூ.8 மட்டுமே. ஆனால் 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளும் ரூ.2.25-லிருந்து ரூ.4.50-க்கு மாறிவிட்டன. முதல் 100 யூனிட் இரண்டு நிலையிலும் இலவசமாக இருந்தது.

நிரல் எழுதத் தொடங்குபவருக்கு நிபந்தனைக் கூற்றைக் கற்பிக்க இதைவிடப் பொருத்தமான கணக்கு கிடைப்பது அரிது. இதே கணக்கை வெவ்வேறு காலத்து மொழிகளில் எழுதிப் பார்த்தால் ஒன்று புலப்படும். இஃப் எனப்படும் அந்தக் கூற்று வாசிக்க எளிதாகிக்கொண்டே வந்தது. ஆனால் எல்லை எண்ணைப் பற்றி எழுதுபவரை யோசிக்க வைக்கும் கட்டாயம் அதிலிருந்து போய்விட்டது.

1957-இல் ஜான் பேக்கஸ் குழுவினர் ஐபிஎம் 704 கணினிக்காக வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியில் ‘பெரியதா’ என்று நேராகக் கேட்க வழியில்லை. ஓடிய யூனிட்டிலிருந்து 500-ஐக் கழிக்க வேண்டும். விடை குறை எண்ணா, பூஜ்யமா, மிகை எண்ணா என்று பார்த்து, மூன்று வரி எண்களில் ஒன்றுக்குக் கணினி தாவும். நம் கணக்கு ‘இஃப் (யூ - 500) 10, 10, 20’ என்று அமையும். நடுவில் நிற்கும் 10-ஐக் கவனிக்க வேண்டும். சரியாக 500 ஓடியிருந்தால் எங்கே போவது என்பதற்கான விடை அது. அதை எழுதாமல் வரியை முடிக்கவே முடியாது.

இந்தியாவில் நிரலாக்கக் கல்வி பரவியதும் ஃபோர்ட்ரான் வழியாகத்தான். 1963-இல் கான்பூர் ஐஐடிக்கு ஐபிஎம் 1620 வந்தது. ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன் அங்கே பாடம் நடத்தி, பிறகு எழுதிய நூல்களைப் படித்தே பல தலைமுறை மாணவர்கள் நிரல் எழுதக் கற்றார்கள். சென்னை ஐஐடியில் ஐபிஎம் 370 வகைக் கணினி 1973-இல் நிறுவப்பட்டது. அட்டையில் துளையிட்டுக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருந்த காலம் அது. பிழையின் விலை அதிகம் என்பதால், முதலில் தாளில் எழுதிச் சரிபார்ப்பது வழக்கமாக இருந்தது.

இதற்கிடையில் அல்கால் 60 என்ற மொழி ‘இஃப், தென், எல்ஸ்’ என்ற வடிவத்தை நிலைநிறுத்தியிருந்தது. வரி எண்ணுக்குத் தாவாமல், செய்ய வேண்டியதை அங்கேயே எழுத முடிந்தது. இது பெரிய முன்னேற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மூன்று கிளைகள் இரண்டாகச் சுருங்கின. ‘சமம்’ என்ற நிலை, > அடையாளத்துக்கும் >= அடையாளத்துக்கும் உள்ள வேறுபாட்டுக்குள் ஒடுங்கிவிட்டது. இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. ஒரு இஃப்புக்குள் இன்னொரு இஃப் வந்தால், கடைசியில் நிற்கும் எல்ஸ் யாருக்குச் சொந்தம்? அருகில் உள்ள இஃப்புக்கே என்பது சி, சி++ மொழிகளின் விதி. 1991-இல் வெளிவந்த பைத்தான் இதை வரியின் உள்தள்ளலைக் கொண்டு தீர்த்தது. தமிழ்நாட்டு மேல்நிலை மாணவர் இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சந்திக்கிறார். 2018-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்புக்கு சி++, அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்கு பைத்தான்.

தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத வைத்த எழில் மொழியை முத்து அண்ணாமலை 2007-இல் தொடங்கினார். அது 2013-இல் திறமூலமாக வெளிவந்தது. ‘@(யூனிட் > 500) ஆனால்’ என்று நிபந்தனை முன்னும் ‘ஆனால்’ பின்னுமாக வரும். ‘இல்லை’ மாற்றுக் கிளையைத் தொடங்க, ‘முடி’ கூற்றை மூடும். எல்ஸ் யாருக்கு என்ற குழப்பத்துக்கு அங்கே இடமில்லை. ஆங்கிலத்துக்குத் தயங்கும் பிள்ளைக்கு இது உண்மையான உதவி. இருந்தாலும் 500 எந்தப் பக்கம் என்பதை இங்கும் அந்த ஒரு குறிதான் தீர்மானிக்கிறது.

தொடங்குபவர் தடுமாறும் இடங்கள் இரண்டு. முதலாவது, கேள்விகளின் வரிசை. ‘100-க்கு மேலா’ என்று முதலில் கேட்டு, அடுத்த எலிஃப்பில் (முந்தைய நிபந்தனை பொருந்தாதபோது மட்டும் பார்க்கப்படும் கிளையில்) ‘500-க்கு மேலா’ என்று கேட்டால், 600 யூனிட் ஓடிய வீடு முதல் கேள்வியிலேயே நின்றுவிடும். இரண்டாவது கேள்விக்கு அது போய்ச் சேராது. தடுமாறும் இரண்டாவது இடம், எல்லை எண். >= என்று எழுதிவிட்டால் 500 யூனிட்டுக்கு ரூ.1,725-க்குப் பதில் ரூ.1,950 வரும். மொழியின் இலக்கணப்படி எந்தத் தவறும் இல்லாததால் கணினி எச்சரிக்காது. 300, 600 என்று கொடுத்துச் சோதித்தாலும் பிழை வெளிப்படாது. ஆகவே மாணவரிடம் இஃப் கூற்றின் பொதுவடிவத்தை எழுதச் சொல்வதோடு 100, 101, 500, 501 ஆகிய நான்கு எண்களுக்கும் விடையைக் கையால் கணக்கிடச் சொல்லிவிட்டு, அதன் பிறகு நிரலை ஓட்ட விட வேண்டும். பழைய ஃபோர்ட்ரான் வரியில் நடுவில் நின்ற அந்த எண் செய்த வேலையை இன்று ஆசிரியர்தான் செய்ய வேண்டியிருக்கிறது.