காய்ச்சலுக்குப் பெயர் கண்ட கதை

தேர்வுக் கட்டுரையில் காய்ச்சல் என்று தலைப்பு வந்தால் நம் மாணவர்கள் டிங்கி, கொசு, குப்பை என்று எழுதி முடித்துவிடுவார்கள். தப்பில்லை. ஜெராம், புக்கிட் ரோத்தான், காப்பார் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் கொசுதான் முதலில் ஞாபகம் வரும். அதற்கு முந்திய தலைமுறைக்கு மலேரியா. கிள்ளானில் 1901-இல் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியவைத்து மலேரியாவைக் குறைத்த வரலாறு நம் வட்டாரத்து வரலாறு.

மலேரியாவில் ஒரு வசதி உண்டு. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால் கிருமியே கண்ணில் படும். வைரஸ் அப்படிப் படாது, அவ்வளவு சிறியது. அப்படியானால், கண்ணில் படாத ஒன்றை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? (மாணவர்களே, 'கிருமி' என்ற சொல் பாக்டீரியா, வைரஸ் இரண்டையும் மூடிவிடும். வைரஸைத்தான் சொல்கிறீர்கள் என்றால் 'நச்சுயிரி' என்று எழுதுங்கள்.)

இந்தக் கதை மாணவர்களிடம்தான் தொடங்குகிறது. பதினாறு, பதினேழு வயது. தொண்டை வலி, கழுத்தில் நெறி கட்டுதல், காய்ச்சல், வாரக்கணக்கில் தீராத அசதி. 1889-இல் ஜெர்மன் மருத்துவர் ஃபைஃபர் இதைச் 'சுரப்பிக் காய்ச்சல்' என்றார். 1932-இல் அமெரிக்காவில் பால், பன்னல் என்ற இருவர் ஒரு வினோதத்தைக் கவனித்தார்கள். இந்த நோயாளிகளின் ரத்த நீரைச் செம்மறி ஆட்டின் சிவப்பணுக்களோடு கலந்தால் அணுக்கள் கட்டி கட்டியாய் ஒட்டிக்கொண்டன. ஏன் என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை. ஆனால் சோதனை வேலை செய்தது! காரணம் தெரியாமலே 30 ஆண்டுகளுக்கு மேல் ஆட்டு ரத்தத்தை வைத்து நோயைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள்.

விடை வேறு திசையிலிருந்து வந்தது. உகாண்டாவில் குழந்தைகளின் தாடையில் வரும் ஒரு புற்றுக்கட்டியை டெனிஸ் பர்க்கிட் ஆராய்ந்தார். அதன் திசுவில் எப்ஸ்டீன், அச்சோங், பார் மூவரும் 1964-இல் மின்னணு நுண்ணோக்கியால் ஒரு புது வைரஸைப் பார்த்தார்கள். அதுவே எப்ஸ்டீன்-பார் வைரஸ். பிறகு பிலடெல்பியாவில் ஹென்லே தம்பதியரின் ஆய்வகத்தில் ஒரு பெண் ஊழியருக்கு 1967-இல் சுரப்பிக் காய்ச்சல் வந்தது. காய்ச்சலுக்கு முன் எடுத்த அவர் ரத்தத்தில் இந்த வைரஸுக்கான எதிர்ப்பொருள் இல்லை. பின் எடுத்ததில் இருந்தது. தற்செயலாய் இருக்கலாம் அல்லவா? அதனால் யேல் பல்கலைக்கழகம் சேமித்து வைத்திருந்த மாணவர்களின் பழைய ரத்த மாதிரிகளைச் சோதித்தார்கள். முன்பு எதிர்ப்பொருள் இல்லாத மாணவர்களுக்குத்தான் நோய் வந்திருந்தது. 1968-இல் விஷயம் உறுதியானது.

நம் பிள்ளைகளிடையே இந்தக் காய்ச்சலின் பெயரை ஏன் அவ்வளவாகக் கேட்பதில்லை? நெருக்கமான வீடுகளில், ஒரே தட்டில் சாப்பிட்டு வளரும் குழந்தைகளுக்கு எச்சில் வழியாகச் சின்ன வயதிலேயே இது தொற்றிவிடும். அந்த வயதில் பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. வசதியாய்த் தனி அறையில் வளர்ந்து, பதின்ம வயதில் முதல்முறை தொற்றினால்தான் ஆளைப் படுக்கப்போடும். தோட்டத்து லயங்கள் மறைந்து, பிள்ளைகள் தாமானுக்கும் கல்லூரி விடுதிக்கும் போய்விட்ட இக்காலத்தில் ஆசிரியர்கள் இதைக் கொஞ்சம் தெரிந்துவைத்திருப்பது நல்லது. இன்னொன்று: இந்த நோயைச் சாதாரணத் தொண்டைப் புண் என்று நினைத்து அமாக்சிசிலின் கொடுத்தால் பலருக்கு உடம்பெல்லாம் சிவந்து தடித்துவிடும். "எனக்கு அந்த மருந்து ஒத்துக்காது சார்" என்று காலமெல்லாம் சொல்லித் திரிவார்கள். மருந்து ஒவ்வாமை இல்லாமலும் இது வரும்.

ஒருமுறை தொற்றிய வைரஸ் உடலைவிட்டுப் போவதில்லை. வெள்ளணுக்களில் சும்மா தூங்கும். உலகில் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இதைச் சுமக்கிறோம். நோய் எதிர்ப்பு ஆற்றல் காவல் இருக்கும்வரை தொல்லை இல்லை. அந்தக் காவலை மருத்துவரே குறைக்கும் நிலை ஒன்று உண்டு: உறுப்பு மாற்று.

1954-இல் பாஸ்டனில் ஜோசப் மர்ரே சிறுநீரகத்தை மாற்றியது ஒத்த இரட்டையரிடையே. உடல் அதை அந்நியமாய் நினைக்கவில்லை. மற்றவர்களுக்கு அப்படி அல்ல. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து வேண்டும். அத்தகைய மருந்துகள் வந்தபின் 1971-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியிலும், 1975-இல் கோலாலம்பூர் பொது மருத்துவமனையிலும் சிறுநீரக மாற்று நடந்தது. நீரிழிவு முற்றி டயாலிசிஸ் செய்துகொள்ளும் உறவினர் இல்லாத குடும்பம் நம் சமூகத்தில் குறைவு. ஆகவே இது நம் வீட்டுச் செய்தியும்தான்.

மருந்து காவலை அடக்கியதும் தூங்கிய வைரஸ்கள் எழுந்தன. எப்ஸ்டீன்-பார் சிலருக்கு நிணநீர்ப் புற்றாய் மாறியது. சைட்டோமெகலோ என்ற இன்னொரு வைரஸ் காய்ச்சலாய், நுரையீரல் அழற்சியாய் வந்தது. 1971-இல் லண்டனில் ஒரு சிறுநீரக மாற்று நோயாளியின் சிறுநீரில் புது வைரஸ் ஒன்று தெரிந்தது. அவர் பெயரின் முதலெழுத்துகளையே சூட்டி அதைப் பி.கே. வைரஸ் என்கிறார்கள்.

இங்கேதான் பழைய சோதனை கைவிட்டது. ஆட்டு ரத்தச் சோதனையானாலும் எதிர்ப்பொருள் சோதனையானாலும், உடல் காட்டும் எதிர்ப்பைத்தான் அளக்கிறது. எதிர்ப்பையே மருந்தால் அடக்கிவைத்திருக்கும் உடலில் அந்த விடையை எப்படி நம்புவது? போதாததற்கு, எதிர்ப்பொருள் இருந்தாலும் அது சின்ன வயதுத் தொற்றின் சுவடாக இருக்கலாம். ஆகவே வைரஸையே தேட வேண்டியதாயிற்று. 1980-களில் கேரி மல்லிஸ் கண்ட பி.சி.ஆர். முறை அதற்கு வழி திறந்தது. கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே பி.சி.ஆர்.தான். வைரஸின் மரபணுத் துணுக்கைப் பல கோடி மடங்கு பெருக்கி, ரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிச் சொல்லும்.

அந்த எண் ஏறினால், காய்ச்சல் வரும் முன்பே மருத்துவர் உஷாராகிறார். சைட்டோமெகலோவுக்குக் கான்சிக்ளோவிர் என்ற மருந்து இருக்கிறது. எப்ஸ்டீன்-பார், பி.கே. இரண்டுக்கும் அப்படி நம்பகமான மருந்து இல்லை. எதிர்ப்பை அடக்கும் மருந்தைக் குறைப்பதுதான் முதல் வழி. அதிகம் குறைத்தால், அண்ணனோ அம்மாவோ கொடுத்த சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடும். அதனால் கொஞ்சம் குறைத்துவிட்டு, சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள்.